கணினி "நிரூபித்துவிட்டேன்" என்று சொன்னால் நம்பலாமா?

கேள்வி இது: மனிதர் யாரும் முழுதாகப் படித்துப் பார்க்காத கணித நிரூபணங்களைக் கணினிகள் தருகின்றன. இப்போது ஏஐ மென்பொருள்களும் கணித ஒலிம்பியாட் போட்டிக் கணக்குகளுக்கு நிரூபணம் எழுதுகின்றன. இவற்றை நம்புவது அறிவுக்குப் பொருந்திய காரியமா, வெறும் குருட்டு நம்பிக்கையா?

சுருக்கமான பதில்: கணினியிலிருந்து வரும் சில நிரூபணங்களை மனிதர் எழுதியதைவிட அதிகமாகவே நம்பலாம். சிலவற்றைக் கொஞ்சமும் நம்ப வேண்டியதில்லை. எழுதியது யார் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, இதில் ஒரு தவறு இருந்தால் அது எங்கே ஒளிந்திருக்க முடியும், அந்த இடத்தை வேறு யாராவது தனியாகப் பார்த்தார்களா என்று கேட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் ஒரு நினைப்பு இருக்கிறது. மனிதர் காகிதத்தில் எழுதிய நிரூபணம் என்றால் நூற்றுக்கு நூறு உறுதி, கணினி வந்த பிறகுதான் சந்தேகமே வந்தது என்ற நினைப்பு. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

எந்த வரைபடத்தையும், எல்லையைப் பகிரும் நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல், நான்கே நிறங்களில் தீட்டிவிடலாம் என்பது நான்கு வண்ணத் தேற்றம். 1879-இல் ஆல்ஃபிரட் கெம்ப் இதை நிரூபித்துவிட்டதாக வெளியிட்டார். 11 ஆண்டுகள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 1890-இல் பெர்சி ஹீவுட் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். விளாதிமிர் வொயவோத்ஸ்கி 2002-இல், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். அவரும் மிகயீல் கப்ரானோவும் 1990 வாக்கில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1998-இல் கார்லோஸ் சிம்ப்சன் என்பவர் அந்தக் கட்டுரையின் முக்கிய முடிவுக்கு ஓர் எதிர்க்காட்டு, அதாவது அந்த முடிவு பொருந்தாத ஓர் உதாரணம், இருப்பதாக எழுதினார். ஆனால் மூல நிரூபணத்தில் எந்த வரி தவறு என்று அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அதனால் இரண்டு கட்டுரைகளும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே கிடந்தன. இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும்; எது என்று யாரும் குடைந்து பார்க்கவில்லை. தன் நிரூபணம்தான் தவறு என்று வொயவோத்ஸ்கிக்கே உறுதியானது 2013-இல். அவருடைய இன்னொரு கட்டுரையிலும் ஒரு துணைத் தேற்றம் தவறு என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. அதையும் அதுவரை பலர் படித்து, பாடமாக நடத்தி, மேலே கட்டடம் எழுப்பியிருந்தார்கள். இப்படிப்பட்ட அனுபவங்களால்தான் அவர் கணினியில் நிரூபணங்களைச் சரிபார்க்கும் வேலைக்குத் தன் வாழ்நாளின் மீதியைக் கொடுத்தார்.

ஆக, நிரூபணத்தின் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கைக்கு எப்போதும் ஓர் அளவு உண்டு. டேவிட் ஹியூம் இதை 1739-லேயே எழுதிவிட்டார். எவ்வளவு தேர்ந்த கணித வல்லுநரும் தான் கண்டுபிடித்ததை உடனே முழுதாக நம்பிவிடுவதில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கும்போது நம்பிக்கை ஏறுகிறது, நண்பர்கள் ஒப்புக்கொண்டால் இன்னும் ஏறுகிறது, அறிஞர் உலகமே ஏற்றுக்கொண்டால் உச்சிக்குப் போகிறது என்கிறார் அவர். அவர் சொல்வதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு நிரூபணத்தில் ஒவ்வொரு வரியும் சரியாக இருக்க 99.9% வாய்ப்பு இருக்கிறது என்று வையுங்கள். ஆயிரம் வரி இருந்தால், எல்லா வரியும் சரியாக இருக்கும் வாய்ப்பு 37%-க்குக் கீழே போய்விடுகிறது.

அப்படியானால் கணிதம் எப்போதோ இடிந்து விழுந்திருக்க வேண்டுமே? விழவில்லை. வரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிற்பதில்லை என்பது ஒரு காரணம். தவறான வரி ஒன்று இருந்தால் அதிலிருந்து ஏடாகூடமான முடிவுகள் கிளைத்து எங்கேயாவது யார் காலிலாவது இடறும். இன்னொரு காரணம், நிரூபணம் விழுந்தாலும் தேற்றம் பெரும்பாலும் விழுவதில்லை. கெம்ப்பின் நிரூபணம் போனது, நான்கு வண்ணத் தேற்றம் நின்றது. அதே முறையை வைத்தே ஐந்து நிறம் நிச்சயம் போதும் என்று ஹீவுட் நிரூபித்துக் காட்டினார்.

கணிதக்காரர்கள் இந்த அளவை வெளிப்படையாக எண்ணில் சொல்வது அபூர்வம். இரண்டு சந்தர்ப்பங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம்? பழக்கடைக்காரர் ஆரஞ்சுகளைக் கூம்பாக அடுக்குகிறாரே, அதைவிட நெருக்கமாக முடியாது என்று கெப்ளர் 1611-இல் சொன்னார். 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் இதை நிரூபித்ததாக அறிவித்தார். 250 பக்கக் குறிப்பு, கூடவே 3 ஜிகாபைட் நிரலும் தரவும். 'அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழ் 12 பேர் கொண்ட குழுவைச் சரிபார்க்கச் சொன்னது. சில ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அந்தக் குழு கைவிரித்தது: 99% உறுதியாகச் சொல்லலாம், அதற்கு மேல் எங்களால் முடியாது என்றார்கள். கட்டுரை 2005-இல் வெளிவந்தது. ஹேல்ஸுக்கு அந்த ஒரு சதவீதம் உறுத்திக்கொண்டே இருந்தது. தன் நிரூபணம் முழுவதையும் கணினி வரிக்கு வரி சரிபார்க்கும்படி மாற்றி எழுதும் திட்டத்தை 2003-லேயே ஆரம்பித்திருந்தார். அது 2014 ஆகஸ்டில் முடிந்தது.

இரண்டாவது, பீட்டர் ஷோல்ஸ். அவரும் ஃபீல்ட்ஸ் பதக்கக்காரர். 2020 டிசம்பரில் தன்னுடைய ஒரு தேற்றத்தைக் கணினியில் சரிபார்த்துத் தாருங்கள் என்று பொதுவில் சவால் விட்டார். தேற்றத்தை எழுதிய அவரே தனக்கு 99.9% உறுதி என்றும், இது அடித்தளத் தேற்றம் என்பதால் அந்த உறுதி போதாது என்றும் சொன்னார். நிரூபணங்களைச் சரிபார்க்கும் 'லீன்' என்ற மென்பொருளில் ஒரு குழு அதை எடுத்துச் செய்து 2022 ஜூலையில் முடித்தது.

இங்கே தத்துவத்துக்கு ஒரு சங்கடம் வருகிறது. பகுத்தறிவோடு நம்புவது என்றால் என்ன என்று கேட்டால், இன்றைக்குப் பெரும்பாலோர் சொல்லும் பதில் நிகழ்தகவுக் கோட்பாடு. ஒவ்வொரு கூற்றுக்கும் 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் கொடுத்து வையுங்கள், புதுச் சான்று வந்தால் பேயஸ் விதிப்படி அதை மாற்றுங்கள், அவ்வளவுதான். நாளை மழை வருமா, இந்த மருந்து வேலை செய்யுமா என்பதற்கெல்லாம் இது நன்றாகவே வேலை செய்கிறது. கணிதத்துக்கு வந்தால் மாட்டிக்கொள்கிறது. ஏனென்றால் இந்தக் கோட்பாட்டின் விதிகளே, தர்க்கப்படி உண்மையான எல்லாக் கூற்றுக்கும் 1 கொடுக்க வேண்டும் என்கின்றன. அதாவது அந்த இலட்சிய மனிதருக்கு எல்லாத் தேற்றமும் பிறக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஷோல்ஸின் 99.9%, அந்த 12 பேரின் 99%, இரண்டுமே இந்தக் கோட்பாட்டின்படி விதிமீறல்.

பை எண்ணின் தசம விரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1-க்குப் பின்னால் நூறு சுழியம் போட்டால் வரும் எண் இருக்கிறதே, அத்தனையாவது இடத்தில் இருக்கும் இலக்கம் 7-ஆ? இதில் தற்செயல் ஏதும் இல்லை. பதில் ஏற்கெனவே தீர்மானமானது. ஆமாம் அல்லது இல்லை. ஆனால் நம் யாருக்கும் தெரியாது. யாராவது பந்தயம் கட்டக் கூப்பிட்டால் பத்தில் ஒன்று என்றுதானே விகிதம் போடுவீர்கள்? அது முட்டாள்தனமா? இல்லவே இல்லை. கணக்குப் போட நேரம் இல்லாத ஒருவர் செய்யக்கூடிய மிகச் சரியான காரியம் அது. நிகழ்தகவுக் கோட்பாடு இந்த எல்லைக்குட்பட்ட மனிதரைக் கண்டுகொள்ளவில்லை என்று இயன் ஹேக்கிங் 1967-லேயே சொன்னார். ஏஐ ஆராய்ச்சி வந்த பிறகுதான் இது வெறும் வாதமாக இல்லாமல் கட்டமைக்க வேண்டிய பொருளாக மாறியது. எந்தக் கணினியும் எல்லையுள்ள நினைவகத்தோடும் நேரத்தோடும்தான் ஓடுகிறது. அது இன்னும் நிரூபிக்காத கூற்றுகளுக்கு என்ன எண் வைக்க வேண்டும்?

ஸ்காட் காரபிராண்டும் மற்ற நால்வரும் 2016-இல் இதற்கு ஒரு பதில் கொடுத்தார்கள். கணிதக் கூற்றுகளைப் பங்குகளாக விற்கும் ஒரு சந்தை. கூற்று நிரூபணமானால் பங்குக்கு 1 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய நிரல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கூற்றுக்கும் விலை போடுகிறது. வேகமாக ஓடக்கூடிய எந்த வியாபார உத்தியும், தன் நஷ்டத்துக்கு வரம்பு வைத்துக்கொண்டு, இந்த விலைகளுக்கு எதிராக விளையாடி முடிவில்லாமல் லாபம் பார்க்க முடியாது என்பதுதான் நிபந்தனை. இந்த ஒன்றிலிருந்தே, பை இலக்கங்களில் எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய ஒழுங்கு எதுவும் இல்லையென்றால், போகப்போக விலை பத்து பைசாவுக்குப் போய்ச் சேரும் என்பது வந்துவிடுகிறது. நடைமுறையில் அந்த நிரலை ஓட்டுவதற்குள் யுகம் போய்விடும். அதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. எல்லாம் தெரியாதவரும் கணிதத்தைப் பற்றி ஒழுங்கான அரைகுறை நம்பிக்கை வைத்திருக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

சரி, நிரூபணமே இல்லாமல் வெறும் சான்றுகளை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம்? இங்கே கணிதம் சில மோசமான பாடங்களைக் கற்றுத்தந்திருக்கிறது. ஒவ்வொரு எண்ணையும் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 8 என்றால் 2, 2, 2 என்று மூன்று காரணி, ஒற்றைப்படை. 6 என்றால் 2, 3 என்று இரண்டு, இரட்டைப்படை. 10 வரைக்கும் பார்த்தால் 2, 3, 5, 7, 8 ஆகிய ஐந்தும் ஒற்றைப்படைக் கட்சி; 1, 4, 6, 9, 10 ஆகிய ஐந்தும் இரட்டைப்படைக் கட்சி (1-க்குக் காரணி 0, அதுவும் இரட்டைப்படைதான்). 2-இல் தொடங்கி எந்த எண் வரை எண்ணினாலும் ஒற்றைப்படைக் கட்சி பாதிக்குக் கீழே போகாது என்பது ஜார்ஜ் போல்யா 1919-இல் வைத்த ஊகம். ஆயிரம் வரை சரி, லட்சம் வரை சரி, கோடி வரை சரி. 1958-இல் ஹேசல்குரோவ் இது தவறு என்று நிரூபித்தார். முதல் சறுக்கல் எங்கே என்று 1980-இல் கண்டுபிடித்தார்கள்: 90 கோடியே 61 லட்சத்து 50 ஆயிரத்து 257. சான்றுகளை வைத்துக் கணிதத்தில் ஊகிப்பது எப்படி என்று இரண்டு தொகுதி எழுதியவரும் இதே போல்யாதான் என்பது விதியின் குசும்பு.

கோல்ட்பாக் ஊகம், அதாவது 2-க்கு மேற்பட்ட ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்பது, 4-க்குப் பின் 18 சுழியம் போட்ட எண் வரை சோதிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கிட்டத்தட்ட எல்லாக் கணிதக்காரர்களும் நம்புகிறார்கள். எண்ணிக்கை பெரியது என்பதால் மட்டும் இல்லை. எண் பெரிதாகப் பெரிதாக அதை இரண்டு பகா எண்களாகப் பிரிக்கும் வழிகளும் கூடிக்கொண்டே போகின்றன, தப்பிப்பதற்கான இடம் குறைந்துகொண்டே வருகிறது. போல்யாவின் ஊகத்தில் இப்படி இல்லை. இரண்டு கட்சியும் கடைசி வரை ஏறக்குறைய சமமாகவே இழுத்துக்கொண்டு போகின்றன, என்றாவது ஒரு நாள் தராசு சாயத்தான் செய்யும். எத்தனை எடுத்துக்காட்டு என்பதைவிட, ஊகம் தவறாக இருந்தால் எடுத்துக்காட்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பதுதான் முக்கியம்.

ராமானுஜன் விஷயத்தில் ஹார்டி செய்ததும் இதுதான். 1913-இல் சென்னைத் துறைமுக அலுவலக எழுத்தர் ஒருவரிடமிருந்து நிரூபணமே இல்லாத சூத்திரங்களாக ஒரு கடிதம் வருகிறது. சிலவற்றை ஹார்டியால் நிரூபிக்க முடிந்தது, சிலவற்றை எப்படித் தொடுவதென்றே தெரியவில்லை. அவற்றைப் பற்றி அவர் எடுத்த முடிவு: இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பொய்யாக இருந்தால் இப்படிக் கற்பனை செய்ய யாருக்கும் வராது. நல்ல பேயஸ்காரரின் வாதம். ஆனால் அதே கடிதங்களில் பகா எண்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறையத் துல்லியமான சூத்திரம் கண்டுவிட்டதாக ராமானுஜன் எழுதியிருந்தார், அது தவறு. சிறிய எண்களுக்கு அது பிரமாதமாகப் பொருந்தும் என்பதுதான் வலை. ராமானுஜன் மேல் இருக்கும் மதிப்பில் அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்காமல் தாண்டிப்போவார்கள்.

நிரூபணம் இல்லாத நம்பிக்கையை நாம் தினமும் பயன்படுத்துகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். வங்கித் தளங்களில் பூட்டுக்குப் பயன்படும் ராட்சதப் பகா எண்களை மில்லர்-ராபின் சோதனையை வைத்துத் தேர்வு செய்வது வழக்கம். பகா எண் இல்லாத ஒன்று, ஒரு சுற்றில் ஏமாற்றித் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. 50 சுற்று ஓட்டினால், 31 இலக்க எண்ணில் ஒன்றுக்கும் குறைவு. கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயல், சக்சேனா மூவரும் 2002-இல் சந்தேகத்துக்கே இடமில்லாத வேகமான முறையைக் கொடுத்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் நடைமுறையில் எல்லோரும் பழைய சோதனையைத்தான் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் அது இன்னும் பலமடங்கு வேகம். அந்த வாய்ப்பைவிடக் கணினியின் சில்லே தவறாகக் கணக்குப் போடும் வாய்ப்பு அதிகம்.

சில்லு தவறு செய்யுமா என்றால், செய்யும். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் (11, 13 போல 2 வித்தியாசத்தில் வரும் ஜோடிகளின்) தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடை ஒத்துவரவில்லை. தன் நிரலைச் சந்தேகித்தார், பிறகு அந்த நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மொழிமாற்றி மென்பொருளைச் சந்தேகித்தார், கடைசியில் குற்றவாளி பென்டியம் சில்லின் வகுத்தல் பகுதி என்று தெரிந்தது. இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது.

இப்போது கேள்வியின் நடுப்பகுதிக்கு வரலாம். லீன், கோக் (இப்போதைய பெயர் ராக்), ஐசபெல் போன்ற நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன? நிரூபணத்தைக் கண்டுபிடிப்பது கடினம், கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பது எளிது. அதனால் இரண்டையும் பிரித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கும் பகுதி எவ்வளவு பெரிதாகவும் குழப்பமாகவும் இருக்கலாம், அதில் பிழைகூட இருக்கலாம். சரிபார்க்கும் பகுதி சின்னது. சில அடிப்படை விதிகள் மட்டும் தெரிந்தது. அதை மனிதர் உட்கார்ந்து படித்துவிட முடியும். கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்யக் கூடாது என்கிறோமே, அதே ஏற்பாடுதான். டச்சுக்காரர் டி புருய்ன் 1960-களின் கடைசியில் ஐந்தோவனில் ஆரம்பித்துவைத்த யோசனை இது.

நான்கு வண்ணத் தேற்றத்தையே பாருங்கள். 1976-இல் அப்பலும் ஹாக்கனும் ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் கணினியை ஓட்டி அதை நிரூபித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். நிரூபணம் என்பது மனிதர் மேற்பார்வையிடக்கூடியதாக இருக்க வேண்டும், இது வெறும் பரிசோதனை என்று 1979-இல் தாமஸ் டைமோஸ்கோ என்ற தத்துவவாதி எழுதினார். அப்போது அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அந்த நிரலை அவர்களுடைய வார்த்தையை நம்பித்தான் ஏற்க வேண்டும். 2005-இல் ஜார்ஜ் கோந்தியே அதே தேற்றத்தைக் கோக்கில் முழுதாக எழுதி முடித்தார். இப்போது தேற்றத்தை நம்ப அப்பலையும் நம்ப வேண்டாம், கோந்தியேயையும் நம்ப வேண்டாம். சின்னச் சரிபார்ப்பியை நம்பினால் போதும். அதற்கு முன் வந்த எந்த மனித நிரூபணத்தைவிடவும் நான் இதை அதிகம் நம்புகிறேன்.

சரிபார்ப்பியிலும் பிழை வரும். கோக்கின் அந்தச் சின்னச் சரிபார்க்கும் பகுதியிலும் முரண்பாட்டையே நிரூபிக்க விடும் பிழைகள் அவ்வப்போது அகப்பட்டிருக்கின்றன. அதை உருவாக்குபவர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிழைகளைத் தூண்ட வேண்டுமானால் விசித்திரமாக எதையாவது எழுத வேண்டும். சாதாரண நிரூபணம் தற்செயலாக அதில் விழுவது கடினம். எனக்குக் கவலை அங்கே இல்லை. வரையறைகளில்தான்.

லீனில் எந்த எண்ணையும் 0-ஆல் வகுத்தால் விடை 0. பிழைச் செய்தி வராது. இயல் எண்களில் (லீனில் 0-உம் சேர்த்தி) 2-லிருந்து 3-ஐக் கழித்தால் -1 இல்லை, 0. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் நிரல் எழுத வசதி என்பதால் தெரிந்தே வைத்த ஏற்பாடு. முரண்பாடு எதுவும் வராது. சிக்கல், கூற்றை எழுதும்போது வருகிறது. ஓர் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து மறுபடி 1-ஐக் கூட்டினால் அதே எண் வரும் என்று இயல் எண்களுக்கு எழுதிப் பாருங்கள். லீனில் அது பொய். 0-லிருந்து 1 போனால் 0, கூட 1 சேர்த்தால் 1. இதே வகைக் கவனக்குறைவு மறுபக்கமும் வேலை செய்யும்: கடினமான கூற்று ஒன்று, யாரோ நிபந்தனையைச் சற்றே தப்பாக எழுதியதால், அற்பமான காரணத்துக்காக உண்மையாகிவிடும். நிபந்தனைகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம், சரிபார்ப்பியும் பச்சைக்கொடி காட்டும். நிரூபணம் அப்பழுக்கில்லாதது. நிரூபித்தது என்ன என்பதுதான் வேறு. இதை எந்தச் சரிபார்ப்பியும் பிடிக்காது. கூற்றைப் புரிந்த மனிதர் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஏஐ நுழையும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 2024 ஜூலையில் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாப்ரூஃப், ஆல்ஃபாஜியோமெட்ரி 2 ஆகிய இரண்டும் சேர்ந்து, பிரிட்டனின் பாத் நகரில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் ஆறு கணக்கில் நான்கைப் போட்டன. 42-க்கு 28, வெள்ளிப் பதக்க மட்டம். தங்கத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. ஆல்ஃபாப்ரூஃபின் விடைகள் லீனில் எழுதப்பட்டவை என்பதால் நிரூபணம் சரியா என்ற கேள்வியே எழவில்லை. ஆனால் கணக்குகளை லீனுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது மனிதர்கள். நேரமும் மாணவர்களுக்குக் கொடுத்ததைவிட மிக அதிகம், சில கணக்குக்கு மூன்று நாள். போடாமல் விட்ட இரண்டில் ஒன்று, 2024 கிடைவரிசையும் 2023 நெடுவரிசையும் கொண்ட பலகையில் ஒளிந்திருக்கும் 2022 பூதங்களைத் தாண்டி ஒரு நத்தை அடுத்த பக்கம் போக வேண்டும் என்ற கணக்கு. எத்தனை முயற்சியில் நிச்சயம் போய்விடலாம்? மூன்றே முயற்சி போதும். படம் போட்டுப் பார்க்கும் பள்ளிக்கூடப் பையனுக்குப் பிடிபடக்கூடியது, அந்த இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஆண்டு கதை மாறியது. 2025 மார்ச்சில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சிலர், அப்போதிருந்த மொழி மாதிரிகளை (சாட்ஜிபிடி போல உரை எழுதும் ஏஐக்களை) அமெரிக்க ஒலிம்பியாட்டின் புத்தம் புதுக் கணக்குகளுக்கு முழு நிரூபணம் எழுதவைத்துத் திருத்தினார்கள். முதலில் சோதித்தவற்றில் எதுவுமே சராசரியாக 5% மதிப்பெண்ணைத் தொடவில்லை. நான்கே மாதத்தில், ஜூலையில், கூகுளின் ஜெமினி டீப் திங்க் சர்வதேச ஒலிம்பியாட் கணக்குகளுக்குச் சாதாரண ஆங்கிலத்திலேயே நிரூபணம் எழுதி 42-க்கு 35 வாங்கித் தங்க மட்டத்தை எட்டியது. ஓபன்ஏஐயும் அதே மதிப்பெண் வாங்கியதாக அறிவித்தது. ஏஐக்குக் கணக்கு வராது என்று மார்ச்சில் முடிவு கட்டியவர்களும், இனி எல்லாம் அதுதான் என்று ஜூலையில் முடிவு கட்டியவர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள்.

லீனில் வரும் நிரூபணமும் மொழி மாதிரி உரைநடையில் எழுதும் நிரூபணமும் நம்பிக்கை விஷயத்தில் ஒரே பொருளே இல்லை. முதலாவதற்குத் தணிக்கையாளர் உண்டு. இரண்டாவதற்கு நீங்கள்தான் தணிக்கையாளர். மொழி மாதிரி எவ்வளவு உறுதியான தொனியில் பேசுகிறது என்பது சான்றே ஆகாது. ஓபன்ஏஐ 2023-இல் வெளியிட்ட ஜிபிடி-4 அறிக்கையிலேயே ஒரு வரைபடம் இருக்கிறது: அடிப்படைப் பயிற்சி முடிந்த மாதிரி 80% உறுதி என்றால் ஏறக்குறைய 80% தடவை சரியாக இருந்தது, மனிதருக்குப் பிடித்த மாதிரி பேசப் பழக்கிய பிறகு அந்தப் பொருத்தம் குலைந்தது. உள்ளே இருந்த நல்ல அளவுகோலை நம்முடைய ரசனை கெடுத்துவிட்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இந்த நிரூபணங்களில் ஓட்டை இருக்கும் இடம் பெரும்பாலும் ஒரே மாதிரி. மூன்று பத்திகள் எளிதான வேலையை விலாவாரியாகச் செய்துவிட்டு, கணக்கின் உயிர்நாடியான இடத்தில் "இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது" என்று ஒரு வரி வரும். அந்த வரியில் விரலை வைத்து, இது ஏன் என்று விரிவாக எழுது என்று கேளுங்கள். சில சமயம் சரியான வாதம் வரும். சில சமயம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு வாதம் வரும், அதிலும் அதே மாதிரி ஒரு வரி இருக்கும்.

புதுமை பற்றிய நம்பிக்கை தனி விவகாரம். 2025 அக்டோபரில், ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷ் விட்டுச்சென்ற தீராத கணக்குகளில் பத்தை ஜிபிடி-5 தீர்த்துவிட்டதாக ஓபன்ஏஐ தரப்பிலிருந்து ஒரு செய்தி பரவியது. அந்தக் கணக்குகளைத் தொகுத்துத் தளம் நடத்தும் தாமஸ் புளூம் உடனே மறுத்தார். தளத்தில் 'தீராதது' என்று இருந்தால், அதன் தீர்வைத் தான் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம்; மாதிரி செய்தது ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடித்தது என்றார். பயனுள்ள வேலைதான், சொன்ன வேலை அது இல்லை.

கணினி நிரூபணத்தில் புரிதல் இல்லையே என்று சிலர் வருத்தப்படுவார்கள். அது நியாயமான வருத்தம், ஆனால் நம்பிக்கை சம்பந்தப்பட்டது இல்லை. 2016-இல் ஹொய்லே, குல்மன், மாரெக் மூவரும் ஒரு முடிவைக் கொண்டுவந்தார்கள்: 1 முதல் 7,824 வரை உள்ள எண்களைச் சிவப்பு, நீலம் என்று பிரித்து, 3, 4, 5 போன்ற பிதாகரஸ் மூன்று எண்கள் ஒரே நிறத்தில் வராமல் செய்யலாம், 7,825 வரை போனால் எப்படிப் பிரித்தாலும் முடியாது. நிரூபணம் 200 டெராபைட். பின்னர் வேறு குழு கோக் வழியாகச் சரிபார்த்து உறுதிசெய்தது. அது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் 7,825 என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை, அதை எழுதியவர்களிடமும் இல்லை.

என் கையில் ஏஐ எழுதிய நிரூபணம் ஒன்று இருந்தால் நான் செய்யும் வரிசை இது. முதலில் முடிவைச் சின்ன எண்களுக்குப் போட்டுப் பார்ப்பேன், 0, 1 உட்பட. பாதித் தவறுகள் அங்கேயே விழும். அப்புறம் "தெளிவாகத் தெரிகிறது" வரிகளை வேட்டையாடுவேன். அதே மாதிரியிடம் "சரியா?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை, எழுதியதும் அதுவே, பாராட்டுவதும் அதுவே. லீனில் எழுதியது என்றால் நிரூபணத்தை ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன். தேற்றத்தின் கூற்றையும் அதில் வரும் ஒவ்வொரு வரையறையையும் நிதானமாகப் படிப்பேன். கடைசியாக, அது எந்த அடிகோள்களை (நிரூபிக்காமலே எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுகளை) பயன்படுத்தியது என்று லீனிடமே பட்டியல் கேட்பேன். நிரூபிக்காமல் விட்ட இடத்தை நிரப்ப லீனில் 'சாரி' என்ற சொல்லை எழுதி வைக்கலாம். வெறும் எச்சரிக்கையோடு கோப்பு ஓடிவிடும். தேற்றம் சார்ந்திருக்கும் எந்த மூலையில் அது ஒளிந்திருந்தாலும் அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிடும்.